பதிலுக்குப் பதில் சிரிப்பு

பூரி சுடுவது எப்படி என்று மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கிறார் கணவர். மாவு, தண்ணீர், பிசைவது, உருட்டுவது என்று படிப்படியாக அவர் விளக்க, ஒவ்வொரு படிக்கும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: "அதான் எனக்குத் தெரியுமே!" பொறுமை கரையக் கரையக் கணவர் விடாமல் சொல்கிறார். அவளும் விடாமல் அதையே சொல்கிறாள். 1963-ல் வந்த 'அறிவாளி' படத்தில் கே.ஏ.தங்கவேலுவும் டி.பி.முத்துலட்சுமியும் நடித்த இந்தக் காட்சியைப் படத்தின் பெயர் தெரியாதவர்கள்கூட இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

காட்சியில் வசனம் ஏறக்குறைய முழுவதும் தங்கவேலுவுக்குத்தான். முத்துலட்சுமிக்கு உள்ளது ஒரே வரி. ஆனால் சிரிப்பு வெடிப்பது அந்த ஒரு வரியில். அதை அவர் ஒருமுறைகூடக் கிண்டலாகச் சொல்வதில்லை, கண் சிமிட்டுவதில்லை, பார்வையாளரைப் பார்த்துக் குறும்பாகச் சிரிப்பதுமில்லை. தனக்கு நிஜமாகவே எல்லாம் தெரியும் என்று நம்பும் ஒரு பெண்ணின் முகம் அது. அந்த நம்பிக்கையில் ஒரு துளி குறைந்திருந்தாலும் காட்சி படுத்திருக்கும்.

தமிழ் சினிமா நகைச்சுவை நடிகைகளுக்கு நெடுங்காலம் ஒதுக்கிய இடம் அதுதான். ஆண் பேசுவார், பெண் பதில் சொல்வாள். நகைச்சுவை நடிகர் என்றால் அவர் ஆண். அவருக்கு 'ஜோடி'யாக ஒரு பெண். பதில் சொல்லும் அந்தச் சின்ன இடத்துக்குள் நின்றுகொண்டே ஒவ்வொரு நடிகையும் தனக்கென்று ஒரு சிரிப்பைக் கண்டுபிடித்தார். ஒருவர் வாதாடினார், ஒருவர் அப்பாவியாக நின்றார், ஒருவர் ஊர்ப்பேச்சை எடுத்தார், ஒருவர் குரலை உயர்த்தினார். இவர்களையெல்லாம் 'காமெடி நடிகை' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டு நகர்வது பெரிய அநியாயம். ஒருவர் செய்ததை இன்னொருவரால் செய்திருக்க முடியாது.

வாதாடியவர், நம்பியவர்

முதல் பெயர் டி.ஏ.மதுரம். திருச்சியிலிருந்து வந்தவர். 1936-ல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோதுதான் என்.எஸ்.கிருஷ்ணனைச் சந்தித்தார். பிறகு இருவரும் திரையிலும் வாழ்விலும் இணைந்தார்கள். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'ஹரிதாஸ்', 'சந்திரலேகா' என்று பெரிய படங்களில் இவர்களுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. கதை ஒரு பக்கம் ஓட, ரசிகர்கள் இந்த ஜோடி எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

கலைவாணர் என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணனின் நகைச்சுவை, கருத்தைச் சொல்லும் நகைச்சுவை. குடி, மூடநம்பிக்கை, சாதி, அறிவியல் என்று எதையாவது எடுத்துக்கொண்டு அதை வழக்காடுவதுபோல் பேசுவார். வழக்காட எதிர்க்கட்சி வேண்டும். மதுரம் இல்லையென்றால் அது வெறும் உபதேசமாகப் போயிருக்கும். அவர் சந்தேகப்படுவார், நொடிப்பார், குறுக்கே கேள்வி போடுவார். "அப்படியா சேதி?" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். திண்ணையில் உட்கார்ந்து கேட்பவர் மனதில் எழக்கூடிய மறுப்பையெல்லாம் அவரே முன்கூட்டிக் கேட்டுவிடுவார். அண்ணாவின் எழுத்தில் 1949-ல் வந்த 'நல்லதம்பி' மதுவிலக்கைப் பேசிய படம். அத்தனை பிரசாரமும் உறுத்தாமல் இறங்கியதில் இந்த ஜோடிப் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கலைவாணர் கைதானார். 1947-ல் விடுதலையாகும்வரை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தக் காலத்தில் மதுரம் வீட்டில் முடங்கிவிடவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். குழுவை நம்பியிருந்த கலைஞர்களுக்கும் வேலை கிடைத்தது. அவர்கள் மேடையேற்றிய 'பைத்தியக்காரன்' 1947-ல் படமாகவும் வந்தது. மதுரத்தை 'கலைவாணரின் மனைவி' என்று ஒரு வரியில் எழுதி முடிக்கும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும். அந்த இணையில் பாதிச் சிரிப்பு அவருடையது. சோதனைக் காலத்தில் முழுச் சுமையும் அவருடையது.

அதே காலத்து இன்னொரு ஜோடி காளி என்.ரத்னமும் சி.டி.ராஜகாந்தமும். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து 1941-ல் உருவான 'சபாபதி'யில் முதலாளி சபாபதிக்கு டி.ஆர்.ராமச்சந்திரன், வேலைக்காரச் சபாபதிக்கு ரத்னம். பலருக்கு நடிப்புக் கற்றுக்கொடுத்த மூத்த வாத்தியார் ரத்னம். அவருக்கு எதிரே நின்று அடங்கிப்போகாமல் பேசியவர் ராஜகாந்தம். 'சபாபதி'யை இயக்கியவர்களில் ஒருவரான ஏ.டி.கிருஷ்ணசாமிதான் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து 'அறிவாளி'யையும் இயக்கினார் என்பது ஒரு சுவையான தொடர்ச்சி. அப்பாவித்தனத்தின் அருமை தெரிந்த இயக்குநர்!

தங்கவேலுவின் இன்னொரு ஜோடி எம்.சரோஜா. அவரை வாழ்க்கைத்துணையாகவும் ஏற்றுக்கொண்டார் தங்கவேலு. ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' (1959) படத்தில் கணவர் 'எழுத்தாளர் பைரவன்' என்றும் மன்னார் அண்ட் கம்பெனி உத்தியோகஸ்தர் என்றும் அளந்துவிடும் பொய்களுக்கு முதல் ரசிகை சரோஜாதான். முத்துலட்சுமி தன் அறிவை நம்பினார் என்றால் சரோஜா தன் கணவரை நம்பினார். அவர் கண்கள் விரிய விரியத்தான் தங்கவேலுவின் பொய் உயர்ந்துகொண்டே போகிறது. கேட்பவர் நம்பவில்லையென்றால் பொய்யில் என்ன வேடிக்கை இருக்கிறது? கேட்கத் தெரிவதும் நகைச்சுவையில் ஒரு கலை என்பதற்கு சரோஜாவைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது கடினம்.

ஆச்சியின் ஆயிரம் குரல்கள்

இந்த வரிசை 'ஆச்சி' மனோரமாவிடம் வரும்போது இலக்கணமே மாறுகிறது.

மன்னார்குடியில் 1937-ல் பிறந்து, தந்தை கைவிட்ட தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர் கோபிசாந்தா. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. நாடக மேடைதான் சோறு போட்டது. மனோரமா என்ற பெயரையும் அதுவே கொடுத்தது. எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நாயகியாகப் பெயரெடுத்தவரை நகைச்சுவைக்கு இழுத்து வந்தவர் கண்ணதாசன். அவர் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) அப்படித்தான் மனோரமாவின் முதல் படமானது. நாயகி கனவோடு வந்த ஒரு பெண்ணுக்கு அது எளிதான முடிவாக இருந்திருக்காது. 1985-க்குள் ஆயிரம் படங்களைக் கடந்து கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார் அவர்.

எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம் அவருடைய காது. சென்னைத் தமிழ், செட்டிநாட்டுத் தமிழ், தூத்துக்குடித் தமிழ், கொங்குத் தமிழ், அக்கிரகாரத் தமிழ் என்று எந்தப் பேச்சையும் அந்தந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளும்படி பேசினார். 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சோவோடு சேர்ந்து சென்னைத் தமிழில் அவரே பாடி நடித்த பாட்டு அந்தக் காலத்தில் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. மெட்ராஸ் பாஷையைக் கேலிப் பொருளாகப் பார்த்த காலம் அது. மனோரமா அதைக் கேலி செய்யவில்லை. அந்தப் பேச்சு பேசும் பெண்ணின் கொஞ்சலும் மிடுக்கும் அதில் இருந்தன. வட்டார வழக்கைப் போலி செய்பவருக்கும் அதற்குள் குடிபோகிறவருக்கும் உள்ள வேறுபாடு இது.

அவருடைய உச்சம் எது என்ற கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில் ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரை ஏ.பி.நாகராஜன் 1968-ல் 'தில்லானா மோகனாம்பா'ளாக எடுத்தார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஜாம்பவான்கள் நிறைந்த படம். அதில் சற்று நேரமே வரும் ஊர்ஊராகச் சுற்றும் மேடை நடிகை ரமாமணி, பார்த்தவர் மனதில் பாதிப் படத்தைப் பிடித்துக்கொள்கிறாள். சிவாஜி நடித்த நாகசுர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று அவள் கேட்கும் கேள்வி ஒன்று போதும். சங்கீதம் தெரியாத ஒரு பெண்ணின் வெகுளிக் கேள்வி அது. ஒரு வித்வானுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டும் அதுதான். அவள் நம்மைச் சிரிக்கவைக்கிறாள், ஆனால் நாம் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அந்தப் பாத்திரத்துக்குள் ஒரு கம்பெனி நடிகையின் உழைப்பும் தனிமையும் தன்மானமும் இருக்கின்றன. அவற்றை மனோரமா பள்ளத்தூரிலிருந்தே சுமந்து வந்திருந்தார்.

மனோரமாவுக்கு ஜோடி தேவைப்படவில்லை என்பதுதான் அவர் உண்டாக்கிய திருப்பம். நாகேஷோடு 'அனுபவி ராஜா அனுபவி', 'அன்பே வா' என்று சரிக்குச் சரி ஆடினார், சோ, வி.கே.ராமசாமி, தேங்காய் சீனிவாசன் என்று எல்லோரோடும் சேர்ந்தார். ஆனால் தனியாக விட்டாலும் காட்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து, கிஷ்மு நடித்த சம்பந்தியைத் திணறடிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தக் 'கம்முனு கெட' எத்தனை வீடுகளில் எத்தனை வாய்ச்சண்டைகளை முடித்துவைத்திருக்கிறது! 'நடிகன்' (1990) படத்தில் கல்யாணமே ஆகாத பேபியம்மாவாக, முதியவர் வேடத்தில் வந்த சத்யராஜ் மேல் காதல் கொண்டு நாணுவார். அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அந்த வயதுப் பெண்ணின் காதலைக் கேவலமாகக் காட்டியிருக்கலாம். மனோரமா அந்த வெட்கத்தை அவ்வளவு உண்மையாகச் செய்ததால், சிரித்து முடித்ததும் பேபியம்மா மேல் பரிவு வந்துவிடுகிறது.

'புதிய பாதை'க்காகத் தேசிய விருது, 2002-ல் பத்மஸ்ரீ என்று கௌரவங்கள் வந்தன. 2015 அக்டோபரில் அவர் மறைந்தபோது தமிழ்நாடு இழந்தது ஒரு நடிகையை மட்டுமல்ல, தன் ஊர்ப்பேச்சுகளின் பெரிய களஞ்சியம் ஒன்றையும்தான்.

மனோரமாவின் அதே ஆண்டுகளில் வேறொரு வழியில் சிரிப்புக்கு வந்தவர்களும் உண்டு. சச்சு குழந்தை நட்சத்திரமாகத் தொடங்கி 'வீரத் திருமகன்' (1962) படத்தில் நாயகியானவர். இரண்டே ஆண்டுகளில் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷின் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' எடுக்கப்போகும் படத்தின் கதாநாயகியாக, அதாவது நகைச்சுவைப் பாத்திரத்தில் வந்தார். நாயகியின் அழகும் ஒயிலும் அப்படியே இருக்க, அதை வைத்தே சிரிக்கவைத்தது அவருடைய பாணி. நகைச்சுவை நடிகை என்றால் கோணங்கி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை சித்ராலயா கோபுவின் வசனமும் சச்சுவின் நளினமும் சேர்ந்து மாற்றின.

சௌகார் ஜானகியின் கதை இன்னும் ஆச்சரியமானது. கண்ணீர் வேடங்களுக்கே பெயர்போனவர். அவருக்குள் ஒரு குறும்புக்காரி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் கே.பாலசந்தர். 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் ஸ்ரீகாந்துக்கு ஜோடியாகப் பட்டு மாமி. 'தில்லு முல்லு' (1981) படத்தில் ரஜினிக்காக அம்மா வேடம் போடும் பணக்கார மாது. தேங்காய் சீனிவாசனுக்கு முன்னால் அந்தப் பொய்யை அவர் எவ்வளவு நிமிர்வோடு காப்பாற்றுகிறார் என்று மறுபடி பார்க்க வேண்டும். அழுது அழுது தேர்ந்த முகம் அது. அந்த முகத்தில் ஒரு சின்னத் திருட்டுப் பார்வை தெரிந்தாலே அரங்கம் குலுங்கியது.

கோவையிலிருந்து ஒரு குரல்

கோவை சரளாவை ஒரு வானொலிப் பெட்டியில் கேட்டாலும் சிரிப்பு வரும். அவ்வளவு உரத்த, அவ்வளவு ஏற்ற இறக்கமுள்ள குரல். ஒரு வாக்கியத்தைக் கெஞ்சலில் தொடங்கி அதட்டலில் முடிப்பார். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடமாட்டார்.

இளம்வயதிலேயே முதிய வேடங்களை வாங்கிக்கொண்டவர். 'முந்தானை முடிச்சு' (1983) படத்தில் கர்ப்பிணி. 'சின்ன வீடு' (1985) படத்தில் தன்னைவிட மூத்தவரான பாக்யராஜுக்கே தாய். 'கரகாட்டக்காரன்' (1989) குழுவில் கவுண்டமணி, செந்திலுக்கு நடுவே இடம்பிடிப்பது சாதாரணமல்ல. அந்த இருவருடைய சத்தத்துக்கு ஈடுகொடுத்துப் பேச ஒரு தொண்டை வேண்டும், அதைவிடப் பெரிய தைரியமும் வேண்டும். சரளாவிடம் இரண்டும் இருந்தன.

அவருடைய திறமையின் முழு வீச்சையும் காட்டிய படம் பாலுமகேந்திராவின் 'சதிலீலாவதி' (1995). கமல்ஹாசனுக்கு மனைவி. இருவரும் கொங்குத் தமிழ் பேசுகிறார்கள், கிரேஸி மோகன் வசனம். கமலைப் போன்ற ஒருவரோடு வார்த்தைக்கு வார்த்தை மோதும்போது பெரும்பாலான நடிகர்கள் ஒன்று ஒதுங்கிவிடுவார்கள், இல்லையென்றால் மிகையாக நடிப்பார்கள். சரளா இரண்டையும் செய்யவில்லை. வழக்கமான உரத்த குரலைக் குறைத்துக்கொண்டு, மரியாதையான 'ங்க'வுக்குள்ளேயே சந்தேகம், செல்லம், மிரட்டல் அனைத்தையும் வைத்தார். கொங்குப் பெண்கள் அதட்டும்போதுகூட மரியாதை குறையாது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த நடிப்பின் நுணுக்கம் புரியும்.

தொண்ணூறுகளில் வடிவேலுவோடு அவர் சேர்ந்த படங்களில் வீட்டின் வழக்கமான அதிகாரம் தலைகீழானது. 'விரலுக்கேத்த வீக்கம்' மாதிரியான வி.சேகர் படங்களில் அடி வாங்குகிறவர் கணவர், கொடுக்கிறவர் மனைவி. அடி வாங்கும் ஆணைப் பார்த்துச் சிரித்ததில் அரங்கில் இருந்த பெண்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் படங்கள் பிறகு எல்லை மீறின. அவரையும் அவருக்குப் பின் வந்த பெண்களையும் உருவத்தையும் நிறத்தையும் வைத்துக் கேலி செய்யும் வசனங்கள் பெருகின. திறமைக்குப் பதிலாக உடம்பைக் காட்டிச் சிரிக்கச் சொன்ன அந்த எழுத்து சோம்பேறித்தனமானது. அந்த வசனங்களுக்குள்ளும் சரளா தோற்கவில்லை என்றால் அது அவருடைய பெருமை, எழுதியவர்களுடையது அல்ல.

ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) அவரைப் புதிய தலைமுறையிடம் சேர்த்தது. பேய்க்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் மகன், அவனைச் சுமந்தபடியே தானும் நடுங்கும் தாய். அதே வீட்டில் மருமகளாகத் தேவதர்ஷினி. மாமியாரும் மருமகளும் பயத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் காட்சிகளில் இரண்டு பாணிகள் சந்திக்கின்றன. சரளா உச்சத்துக்குப் போவார், தேவதர்ஷினி அடக்கிவாசிப்பார். அந்த அடக்கம் இல்லையென்றால் இந்த உச்சம் எடுபடாது. இதே சரளா 2022-ல் பிரபு சாலமனின் 'செம்பி'யில் மலைவாழ் பாட்டியாக வந்து சிரிப்பின் சாயலே இல்லாமல் நடித்தார். நெடுங்காலம் தன்னை ஒரே மாதிரியாகப் பயன்படுத்திய திரைக்கு அது சரியான பதில்.

அக்காவும் தங்கையும், ஒரு திருட்டுப் பாட்டியும்

கேரளத்திலிருந்து வந்த சகோதரிகள் கல்பனாவும் ஊர்வசியும். 'சின்ன வீடு' கல்பனாவின் படம். பருமனான மனைவியைப் பிடிக்காமல் வேறொருத்தியைத் தேடும் கணவனின் கதை. பத்து ஆண்டுகள் கழித்து 'சதிலீலாவதி'யில் லீலாவதியும் அவரே. கதையின் முடிச்சும் ஏறத்தாழ அதுவே. ஒரே அவமானத்தை இரண்டு முறை நடிக்க வந்த கல்பனா இரண்டு முறையும் பார்வையாளரைத் தன் பக்கம் இழுத்தார். கணவன் வெட்கப்படுவதை அவர் கவனித்துவிட்டுக் கவனிக்காததுபோல் பேசும் இடங்களில் சிரிப்பும் வலியும் பிரிக்க முடியாமல் வருகின்றன. மலையாளத்தில் அவர் பெரிய நகைச்சுவை நட்சத்திரம். 'தனிச்சல்ல ஞான்' படத்துக்காகத் தேசிய விருதும் பெற்றார். 2016 ஜனவரியில் அவர் திடீரென்று மறைந்தது இரண்டு மொழிகளுக்கும் இழப்பு.

ஊர்வசியின் பாணியைச் சொல்வது கடினம். அவர் வசனம் பேசுவதுபோலவே தெரியாது. எதையோ சொல்ல ஆரம்பித்து, நடுவில் வேறொன்று நினைவுக்கு வந்து, அதைத் தொட்டுவிட்டு, முதலில் சொல்ல வந்ததை மறந்து, மறந்ததை மறைக்க இன்னொன்று சொல்வார். அடுத்த வீட்டுப் பெண் பேசுவது அப்படித்தான். ஆனால் அதைக் காமிராவுக்கு முன்னால் கச்சிதமான தாளத்தில் செய்ய அபாரமான கட்டுப்பாடு வேண்டும். 'முந்தானை முடிச்சு'வின் துடுக்குப் பெண்ணாகத் தமிழில் நுழைந்தவர், 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் பாலக்காட்டுத் திரிபுரசுந்தரியாக, கமலின் சமையல்காரர் காமேஸ்வரனோடு போட்டிபோட்டு வெகுளியானார்.

அதே வீட்டில் ஒரு பாட்டியும் இருக்கிறாள். போன இடமெல்லாம் கைக்குக் கிடைத்ததை அமுக்கிக்கொள்ளும் பாட்டி, எஸ்.என்.லட்சுமி. 'சர்வர் சுந்தர'த்தில் நாகேஷின் தாயாக உருகவைத்தவர் இவர்தான். திருடும்போது முகத்தில் பக்தி, பிடிபடும்போதும் அதே பக்தி. இந்த அளவுக்கு அலட்டலில்லாத நகைச்சுவை தமிழில் அபூர்வம். இவரைப் பற்றி இதுவரை எழுதப்பட்டது மிகக் குறைவு.

பெண்களின் உடல்மொழி நகைச்சுவைக்குத் தமிழில் ஒரு படத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அது 'மகளிர் மட்டும்' (1994). கமல்ஹாசன் தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். அலுவலகத்தில் பெண்களைச் சீண்டும் மேலதிகாரி நாசர். ரேவதி, ஊர்வசி, ரோகிணி என்ற மூவர் அவரை எதிர்கொள்கிறார்கள். மேலதிகாரி இறந்துவிட்டார் என்று நினைத்து மருத்துவமனையிலிருந்து அவர்கள் கிளப்பிக்கொண்டுவருவது வேறொருவரின் பிணம், பிணமாக நாகேஷ். மூன்று பெண்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், பிணத்தை இழுக்கிறார்கள், ஒளிக்கிறார்கள். யாருடைய நிறமும் எடையும் அங்கே சிரிப்புப் பொருளில்லை. ரேவதியின் நிதானம், ரோகிணியின் சென்னைத் துடுக்கு, ஊர்வசியின் பதற்றம் மூன்றும் மோதிக்கொள்வதில் சிரிப்பு பிறக்கிறது. ஆலிவுட்டின் '9 டு 5' படத்தின் பாதிப்பில் உருவானது என்றாலும், இந்த மூவரும் நம் ஊர் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள்தான். முப்பது ஆண்டுகள் கழிந்தும் இதற்கு இணையாக இன்னொரு படம் வரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வரவில்லை என்பது மட்டுமல்ல, இருந்த இடமும் சுருங்கியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு நகைச்சுவைப் பகுதி ஆண் நடிகர்களின் கூட்டணியாகவே மாறியது. பெண் வந்தால் கேலிக்கு இலக்காக மட்டும் வந்தாள். 'ஒரு கல் ஒரு கண்ணாடி' (2012) படத்தில் சந்தானத்தின் ஜோடி ஜாங்கிரியாக வந்த மதுமிதாவுக்கு அந்தப் பெயரே அடைமொழியானது. வித்யுலேகா ராமன் 'நீதானே என் பொன்வசந்தம்', 'தீயா வேலை செய்யணும் குமாரு' என்று கவனம் ஈர்த்தார். இவர்களுக்குத் திறமை குறைவில்லை, எழுதித்தர ஆளில்லை. தொலைக்காட்சியின் நகைச்சுவை மேடைகளிலும் வெகுகாலம் பெண் வேடத்தைப் புடவை கட்டிய ஆண்களே போட்டார்கள். அந்த மேடையில் நிஜப் பெண்ணாக நின்று, புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சோடு கைத்தட்டல் வாங்கிய அறந்தாங்கி நிஷாவின் வருகை இதனால்தான் முக்கியமானது.

திரையில் சிரிப்பு இன்னொரு வாசல் வழியாகத் திரும்பியது. அம்மாக்கள்! 'களவாணி' (2010) படத்தில் ஆவணி வந்தால் மகன் டாப்பாக வந்துவிடுவான் என்று ஜோசியத்தை நம்பிக் காத்திருக்கும் சரண்யா பொன்வண்ணன், 'நானும் ரௌடிதான்' (2015) படத்தில் காக்கிச்சட்டை அம்மா ராதிகா, 'கோலமாவு கோகிலா'வில் (2018) போதைப்பொருள் கடத்தும் மகளுக்குத் துணைபோகும் மறுபடியும் சரண்யா, 'மூக்குத்தி அம்மன்' (2020) படத்தில் ஊர்வசி. மகனைத் திட்டும், கொஞ்சும் அம்மா என்ற பழைய அச்சு உடைந்து, தனக்கென்று ஆசையும் அறியாமையும் தந்திரமும் உள்ள பெண்கள் வந்தார்கள். ஊர்வசி இன்னும் ஒருபடி மேலே போனார். 'ஜே பேபி' (2024) படத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிக் கொல்கத்தாவில் தொலைந்துபோகும் தாய். மனம் தடுமாறிய ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று தயங்குகிறோம். அவருடைய சேட்டைகள் அந்தத் தயக்கத்தைக் கரைக்கின்றன. மறு நொடி தொண்டை அடைக்கிறது. 'அச்சுவின்டெ அம்மா'வுக்குப் பிறகு 'உள்ளொழுக்கு'க்காக அவருக்கு இரண்டாவது தேசிய விருது கிடைத்திருக்கிறது. இரண்டுமே மலையாளப் படங்கள். இவ்வளவு பெரிய நடிகைக்குத் தமிழ் அந்த அளவு கனமான பாத்திரம் எழுதாமல் விட்டது நம் குறை.

எழுத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. இதுவரை சொன்ன சிரிப்புகளுக்கு வசனம் எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள்: அண்ணா, கோபு, பாலசந்தர், பாக்யராஜ், விசு, கிரேஸி மோகன். கிரேஸி மோகன் தன் பள்ளி ஆசிரியை ஜானகியின் நினைவாகத் தன் நாயகிகளுக்கெல்லாம் ஜானகி என்றே பெயர் வைத்தவர். 'மகளிர் மட்டும்' ஊர்வசியும் ஜானகிதான். பெண்களின் பேச்சை இந்த ஆண்கள் கூர்ந்து கேட்டு எழுதினார்கள். ஆனால் பெண்ணே எழுதினால் வேறு என்ன வரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. நடிகை பானுமதி தெலுங்கில் எழுதிய மாமியார் கதைகள் இலக்கியமாகவே கொண்டாடப்பட்டன. ஸ்ரீபிரியா சின்னத்திரையில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வைக் கொண்டுவந்து மாமியார் மருமகள் சண்டையைக் கண்ணீரிலிருந்து மீட்டார். இயக்குநர் மதுமிதாவின் (ஜாங்கிரி மதுமிதா வேறு) 'கொல கொலயா முந்திரிக்கா' (2010) முழுநீள நகைச்சுவை, அவருடைய 'கே.டி.' (2019) முதியவர் ஒருவரின் கடைசி ஆசைகளைக் கொண்டாடிய படம்.

அதே 2019-ல் ஹலீதா ஷமீமின் 'சில்லுக் கருப்பட்டி' வந்தது. அதன் கடைசிக் கதையில் மூன்று பிள்ளைகளும் அலுத்துப்போன தாம்பத்தியமுமாக ஒரு பெண், சுனைனா. வீட்டுக்கு வந்த குரல் உதவிக் கருவியோடு அவள் பேசத் தொடங்குகிறாள். பேசப் பேச அவளுடைய குறும்பும் பாட்டும் கேலியும் வெளியே வருகின்றன. கணவர் சமுத்திரக்கனிக்கு முதலில் எரிச்சல், பிறகு பொறாமை. கோமாளி வேடம் இல்லை, பஞ்ச் வசனம் இல்லை, நகைச்சுவை நடிகர் என்று யாரும் இல்லை. அந்தக் கதையில் ஆண் பேசிப் பெண் பதில் சொல்லவில்லை. பேச்சைத் தொடங்குகிறவளே அவள்தான்.